பசை பூசாத சுவர் அலுமாரி

கீரி, மன்னார்.
ஆவணி 9

அன்பு மகள் றஞ்சிதாவுக்கு,

மடு அன்னையின் துணையால் நானும் உன் அம்மாவும் உடல் நோவின்றி இருக்கிறோம். நீயும் மருமகன் டிலோஜனும் அவ்வாறே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி கண்டால்தான் என் மனம் ஆறும், தொலைபேசியில் நீ சொல்லும் "ஓம் அப்பா, சுகம்" எனக்குப் போதாது. இங்கே சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, முற்றத்து மணலில் பாதி வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது. மொன்றியலுக்கே வந்து உங்களோடு வாழும்படி நீ அனுப்பிய படிவங்கள் கிடைத்து இரண்டு திங்கள் ஆகின்றன. நான் இவ்விடம் விட்டு வரமாட்டேன் என்பதை நீ அறிவாய், அம்மாவின் மறுமொழிக்காகவே காத்திருந்தேன், அவளோ வருவேன் என்றும் சொல்லவில்லை, இருப்பேன் என்றும் சொல்லவில்லை. ஆடியில் மீள்குடியேறியோர் கூட்டத்தில் ஒரு மணிநேரம் முழங்கினேன் மகளே. "இனி இம்மண்ணை விட்டு ஓர் அடியும் பெயரோம்" என்று நான் முடித்தபோது கூரைத் தகரம் அதிரக் கைதட்டினார்கள், முன்வரிசையில் இருந்த உன் அம்மா மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. வரும் வழியில் ஏன் என்று கேட்டேன். "தொண்ணூறில சண்டை தொடங்கேக்கையும் உப்பிடித்தான் கதைச்சனீங்கள், பிறகு ராமேஸ்வரம் போற படகில முதல் ஏறினது ஆர்?" என்றாள்.

அந்தக் கிழமைதான் என் அகராதிகளில் ஒன்றைக் கறையான் தின்றிருக்கக் கண்டேன். நூல்களைத் தரையில் அடுக்கியது என் பிழை. சுவரில் மாட்டும் அலுமாரி ஒன்றை வேப்பம்பலகையில் நானே செய்வது என்று முடிவெடுத்து, மறிச்சுக்கட்டியிலிருந்து வந்து மன்னாரில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் பவ்ஸானிடம் போனேன். பலகையும் ஆணியும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஐயா, கீரிக் காத்துக்கு இரும்பாணி ரெண்டு மாரி தாங்காது, பலகைய எப்படிக் கோக்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். அறுபத்துமூன்று அகவையில் ஒரு மூலையை எத்தனை வகையாகப் பூட்டலாம் என்பதே எனக்குத் தெரியாதிருந்தது! ஒன்று, புறாவின் வால்போல விரியும் பற்களை இரு பலகைகளிலும் வெட்டிக் கைவிரல் கோத்தாற்போல் பொருத்திப் பசை பூசுவது. இன்னொன்று, ஒரு பலகையின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளைக்குள் செலுத்தி, அப்பால் நீளும் நாக்கில் ஓர் ஆப்பை இறுக்குவது, அதற்குப் பசை வேண்டா. எது வலியது என்று கேட்டேன், செய்து பாருங்க என்றார். ஆணி அறைந்த மூலையையும் விடாமல் மூன்று மாதிரிகள் செய்து, கடற்கரை மணலை மாப்பையில் நிரப்பி ஒவ்வொன்றிலும் தொங்கவிட்டேன். காலையும் மாலையும் இடுக்கில் தாளைச் செருகிப் பார்ப்பதே என் தொழிலாயிற்று, தெருவில் போன கழுதையொன்று ஒரு பையை முட்டிவிட்டதால் ஆய்வை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும் நேர்ந்தது. நாலாம் நாள் ஆணி மூலை பிளந்தது. ஆப்பு மூலை மயிரிழை தளர்ந்தது. பசையிட்ட புறாவால் மூலையோ அசையவே இல்லை. நான் வெற்றி முழக்கமிட்டு அம்மாவை அழைத்துக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். "கழட்டேலுமோ?" என்றாள். ஏலாது, அதுதானே அதன் பெருமை என்றேன். "அப்ப நான் அதுக்குள்ள ஒரு சாமானும் வைக்க மாட்டன். என்ர சீதன அலுமாரியும் கழட்டேலாமத்தான் தொண்ணூறில விட்டிட்டுப் போனது" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குச் சினம் மூண்டது. மண்டபம் முகாமிலிருந்து திரும்பிப் பதின்மூன்று ஆண்டுகள், இன்னுமா என்று உரத்துக் கேட்டேன். மறுநாள் பவ்ஸான் பலகை இழைத்துத் தர வீட்டுக்கு வந்தார், அவரிடம் முறையிட்டேன், என் பக்கம் பேசுவார் என்று எண்ணி. அவரோ என்னை விட்டு அவளைப் பார்த்து, "அக்கா, எத்தன நிமிசத்துல கழட்டணும்?" என்று கேட்டார். அவள் உடனே "பத்து" என்றாள். அவர் தலையசைத்துப் பென்சிலை எடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய வீட்டாரும் அதே தொண்ணூறில் ஊரை விட்டு விரட்டப்பட்டு, ஒரு மூட்டையோடு புத்தளத்துக்கு ஓடியவர்கள். முப்பது ஆண்டு மேடையேறிய எனக்கு அந்த ஒரு வினா கேட்கத் தெரியவில்லையே மகளே. ஆப்பு தளருமே என்று மட்டும் முணுமுணுத்தேன். "பசை விட்டா விட்டதுதான் ஐயா, ஆப்பு தளந்தா சுத்தியலால ஒரு தட்டு போதும்" என்றார். ஆப்பையே தேர்ந்தோம். வாடைக்காற்றின் ஈரத்தில் பலகை உப்பும் என்பதால் தட்டுகளுக்கு நூலளவு இடம் விட்டிருக்கிறோம், உன் வீட்டில் மரவேலை செய்வித்தால் இதைக் கேட்டுக்கொள்.

சென்ற சனிக்கிழமை மாட்டினோம். மாட்டிய கையோடு அம்மா சுத்தியலை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் கழற்றிப் பலகைகளை நிலத்தில் அடுக்கினாள். ஏழு நிமிடம். "இனிப் பூட்டுங்கோ" என்றாள். எனக்கு முக்கால் மணிநேரம் பிடித்தது, இரண்டு தட்டுகளைத் தலைகீழாகப் பொருத்திவிட்டேன், அவள் சிரித்த சிரிப்பு வேலிக்கு அப்பால் கேட்டிருக்கும். பிறகு அவள் கதவுக்குப் பின்னே ஆணியில் தொங்கும் நீலப் பையை எடுத்து வந்தாள். மறுபடி ஓட நேர்ந்தால் எடுக்கவென்று ஊர் திரும்பிய நாள்முதல் அது அங்கேதான் தொங்கியது, நானும் தொட்டதில்லை. முகாம் அட்டை, காணி உறுதிப் பத்திரம், உன் ஞானமுழுக்குச் சான்று, அவளுடைய செபமாலை, ஒரு மாற்றுச் சேலை. ஒவ்வொன்றாக எடுத்து என் அகராதிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பையைக் கழுவிக் கொடியில் போட்டாள். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனாள்.

ஆதலால் மகளே, படிவங்களை நிரப்பாமலே திருப்பி அனுப்புகிறேன். மனம் நோகாதே. வரும் மாரியில் விடுமுறை எடுத்து நீங்கள் இருவரும் வாருங்கள்.

குளிர் தொடங்கியதும் காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையுணவைத் தவிர்க்காதே. இறைவன் உங்கள் இல்லத்தைக் காத்தருள்வாராக. ஒன்றை மறவாதே: தொலைபேசியில் அம்மாவிடம் அந்தப் பையைப் பற்றி எதுவும் கேட்காதே. என்ன மீன் வாங்கினாள் என்று மட்டும் கேள்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா,
ச. பஸ்தியாம்பிள்ளை