லக்ஷிகாவின் தலைமுடி பற்றி

மேற்கணக்கு,
ஸ்பிரிங்வெளி,
பதுளை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிஷாந்தினிக்கு,

நானும் லக்ஷிகாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பதுளையில் சலூன் வைத்திருக்கும் காமிலாவின் தங்கை, குவைத்தில் உன் மேடத்தின் அக்கா வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேச முடிவதில்லை. இந்தப் பக்கம் பிள்ளை மடியில் ஏறிக்கொள்கிறாள், அந்தப் பக்கம் உன் அருகில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. நமுனுகுல மலை மூடியே கிடக்கிறது. குசினிப் பக்கம் தகரம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். என்னைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போட்டிருக்கிறார்கள். கத்தி பிடித்துப் பிடித்து வலது தோளைத் தூக்க முடியவில்லை. ஓய்வெடுக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் துணி, விறகு, சமையல் என்று போய்விடுகிறது.

"புள்ள தலையில என்னத்த பூசுறீங்க, இப்பிடி மினுங்குது" என்று போன தடவை கேட்டாய். நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது, அதனால்தான்.

பிள்ளையின் வகுப்புக்கு இந்த வருஷம் குணமணி டீச்சர் வந்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷிதான். ஆனால் சுத்தம், ஒழுங்கு என்றால் கண்டிப்பு. "பிள்ளையின்ர தலை பறந்துகொண்டு நிக்குது, ரெண்டு பின்னல் போட்டு இறுக்கிக் கட்டி விடுங்கோ" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மழையிலும் பனியிலும் அந்த முடி எப்படிப் பொங்கும் என்று உனக்குத் தெரியும். நான் சீப்பை வைத்தால் சிக்கிக்கொள்ளும். அவள் கத்துவாள், பிறகு நான் கத்துவேன். ஒருநாள் இந்தச் சண்டையில் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்திவிட்டேன். கங்காணி அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார்.

சரியென்று டவுனில் ஒரு ஜெல் போத்தல் வாங்கி வந்து பூசினேன். தலை படிந்தது. ஆனால் சில நாளில் காதோரமும் பிடரியும் சிவந்து, கொப்புளமாகி, தண்ணீர் வடிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து, அதை இனித் தொடக்கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஆம்பள வளக்குற புள்ளைக்கி இம்புட்டு முடி எதுக்கு தம்பி? ஒட்ட வெட்டி விட்டுரு, ஒரு வேல கொறையும்" என்றார். கோபம் வந்தது. இரண்டு நாள் யோசித்ததில் அவர் சொல்வதுதான் சரி என்றும் பட்டது. எனக்கு அவ்வளவு களைப்பு, நிஷா.

புண் ஆறியதும் வெட்டுவதற்காகத்தான் காமிலாவிடம் கூட்டிப் போனேன். லக்ஷிகா அழவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. காமிலா கத்திரியை எடுத்தவள், முடியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். "இத வெட்ட எனக்கி மனசு வருதில்ல அண்ணன். காஞ்ச தலையில சீப்பு போட்டா சுருட்ட முடி சண்டதான் புடிக்கும். வெண்டிக்காய அவிச்சி, அந்தக் கொழகொழத் தண்ணிய ஈரத் தலையில பூசிப் பாருங்க, காசுக்கு வாங்குற ஜெல் எல்லாம் வாணாம்" என்றாள்.

நம் வீட்டுப் பின்னால் வெண்டிக்காய்க்குப் பஞ்சமில்லையே. அரிந்து போட்டு அடுப்பில் வைத்தேன். கூழாகும்வரை கொதிக்கவிட்டதுதான் தப்பு. ஆறிய பிறகு வடிக்கப் பார்த்தால் துணியை விட்டு ஒரு சொட்டு இறங்கவில்லை. பிழிந்து எடுத்ததை அப்படியே அள்ளிப் பூசிவிட்டேன். காலையில் நன்றாகத்தான் போனாள். வெயில் லேசாக அடித்ததும் அது காய்ந்து தலை முழுக்க வெள்ளை வெள்ளையாக உதிர்ந்திருக்கிறது. ஈரு என்று நினைத்து டீச்சர் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், அவளே வெண்டிக்காய் பறித்துச் சுளகில் வைத்துக்கொண்டு வாசலில் இருக்கிறாள். இந்தத் தடவை பிஞ்சாக எடுத்து, தண்ணீர் அதிகம் விட்டு, கரண்டியில் தூக்கினால் நூல் இறங்கும் பதத்தில் இறக்கினேன். சூட்டோடு சூடாக என் பழைய சாரத்துணியில் வடித்து, தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டு அடித்தேன். "மூக்குச்சளி மாதிரி இருக்குப்பா" என்று சிரித்தாள். ஈரத் தலையில் கொஞ்சமாகத் தடவி, விரலாலேயே சிக்கெடுத்துப் பின்னினேன். படிந்தது. மழையில் நனைந்து வந்தும் படிந்தே இருந்தது. டீச்சர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. புளித்துவிடுவதால் வாரம் இரண்டு தடவை புதிதாக அவிக்கிறேன்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. லயத்தின் கடைசியில், தொங்கல் வீட்டுத் துஷாந்தினியின் அம்மா ஜோர்தானில் இருக்கிறாள் இல்லையா, அந்தப் பிள்ளை ஒரு காலையில் சீப்போடு வந்து வாசலில் நின்றது. எப்படித் திருப்பி அனுப்புவது? அவளுக்கும் பின்னிவிட்டேன். இப்போது லயத்தில் தாய் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். மலையில் என்னோடு வேலை செய்யும் பையன்கள் என்னைச் சலூன்காரர் என்கிறார்கள். சொல்லட்டும். தோள் வலியோடு கையைத் தூக்கும்போது சில நாள் எரிச்சல் வருகிறது. ஆனால் ஒரு பிள்ளை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்க்கப் போகிறேன்.

மேடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்வதாகவும், நான் என்ன சொல்கிறேன் என்றும் போன வெள்ளிக்கிழமை கேட்டாய். நம் புது வீட்டுக்கு வெட்டிய அத்திவாரம் காசில்லாமல் புல் முளைத்துக் கிடக்கிறது. இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் துணிவில்லை. நீயே யோசித்து எதைச் செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். நேற்றுப் பின்னிக்கொண்டிருக்கும்போது, "அம்மாவுக்கும் என்னய மாதிரி சுருட்ட முடியாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பொய்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. போனில் அவள் பார்ப்பதெல்லாம் கறுப்பு முக்காடு போட்ட முகம் மட்டும்தான். கலியாணப் படத்தை எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எப்படியாவது ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள். முக்காட்டை எடுத்துவிட்டு அவளிடம் கொஞ்ச நேரம் பேசு. அந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டியிருந்தாலும், நரைத்திருந்தாலும், வெட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவள் பார்க்கட்டும். நானும் பக்கத்தில்தான் இருப்பேன்.

மாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்,
கிருஷ்ணராஜ்