ஃபெர்மினுக்குக் கேட்காதது

மே 3, பலென்சியா

பெட்டியை மூன்றாவது தடவையாகத் திறந்து மூடியாயிற்று. என் கணவன் ஃபெர்மின் நான்கு கம்பளிச் சட்டை வைத்திருக்கிறான். தெற்கே போகிறோம், மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும் என்று சமையலறையிலிருந்து சொன்னேன். "நல்ல யோசனை" என்று ஐந்தாவதையும் எடுத்து வைத்தான்.

இதுதான் என் வாழ்க்கை. அவனுக்குக் காது மந்தமாகி ஐந்து வருஷம் இருக்கும். எங்கள் கசாப்புக் கடையில் ஈரல் கேட்டவர்களுக்கு விலா எலும்பைக் கட்டிக் கொடுத்தான், விலா எலும்பு கேட்டவர்களுக்கு வாலைக் கொடுத்தான். போன வருஷம் கடையையே விற்றுவிட்டான். முட்டி வலி என்று ஊருக்குச் சொன்னான், எனக்கும் அதையேதான் சொன்னான். டாக்டரிடம் காட்டு என்றால், "எதை, முட்டியையா?" யார் என்ன கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஊரில் அவனுக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர்.

கல்யாணமாகி நாற்பது வருஷம் என்று மகள் பெகோன்யா இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருக்கிறாள். டொலேடோ, கோர்டோபா, செவில்லா, கிரனாடா. கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு மூன்று மாதம் முன்பே சீட்டு எடுத்தாயிற்று. பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட இடம்.

அக்கா மிலாக்ரோஸ் மறுபடி போனில் கூப்பிட்டாள். அவள் கணவர் இறந்துபோன பிறகு கிஹோனில் கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு அறை சும்மா கிடக்கிறதாம். "சுவத்தோட பேசிட்டிருக்கிறதுக்கு என்னோட வந்து பேசு" என்கிறாள். பயணம் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன்.

இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மே 4, டொலேடோ

காரில் வழி சொல்லும் கருவியில் ஒரு பெண் குரல். மாத்ரித் தாண்டும் வரை அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "இவ வாயே திறக்க மாட்டேங்கிறாளே" என்று ஃபெர்மின் குறைப்பட்டுக்கொண்டான். அவள் சொன்னதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். இடது, வலது, இடது. என் தொண்டையும் போயிற்று.

மாலையில் கத்திக் கடை. முப்பத்தெட்டு வருஷம் கசாப்பு வெட்டியவனை டொலேடோவில் கத்திக் கடை தாண்டவைக்க முடியுமா? தொடை இறைச்சி சீவும் நீளக் கத்தி ஒன்றை எடுத்தான். கடைக்காரப் பெண் என்னவோ கேட்டாள், இவன் தலையாட்டினான். இன்னொன்று கேட்டாள். எந்த ஊர் என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "பலென்சியா" என்றான்.

அவள் கேட்டது, பெயர் பொறிக்கட்டுமா, என்ன பெயர் என்று.

திரு. பலென்சியா அவர்களின் கத்தி இப்போது அவன் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது.

மே 6, கோர்டோபா

இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

இங்கே பூமுற்றத் திருவிழா. வீட்டுக்காரர்கள் முற்றத்தைத் திறந்து வைக்கிறார்கள், ஊரே வரிசையில் நின்று பார்க்கிறது. சுவர் தெரியாமல் ஜெரேனியத் தொட்டிகள். எந்த முற்றம் அழகு என்று போட்டியும் உண்டு. மூன்றாவது வீட்டில் நான் கிணற்றடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் ஃபெர்மினிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்பதும், அவன் சிரித்துத் தலையாட்டுவதும் தெரிந்தது. உடனே எங்களுக்கு மட்டும் நாற்காலி வந்தது. குளிர்ந்த மொந்தில்யா வைன், ஆலிவ், தட்டு நிறையப் பன்றித்தொடைச் சீவல். அந்த அம்மாள் ஒவ்வொரு தொட்டியின் வயசையும் அவனுக்கு விளக்கினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஒரு காய்ந்த தொட்டியைப் பார்த்து அவன் முகம் சுளித்ததும், அவள் மருமகள் ஓடிப்போய் அதைத் தூக்கி மறைத்தாள்.

இரண்டாவது கிளாஸ் பாதியில் வாசலில் மூன்று பேர், கையில் தாள், சட்டையில் அட்டை.

போட்டி நடுவர்கள்.

"அப்போ நீங்க யாரு?" என்று அந்த அம்மாள் ஃபெர்மினைக் கேட்டாள்.

அவன் சிரித்துத் தலையாட்டினான்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அவன் கையில் இன்னும் ஒரு ஆலிவ். ரோமானியர் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தபடி எனக்குள் முணுமுணுத்தேன்: இந்த மனுஷனை இங்கேயே தள்ளிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள், இவனுக்கே விழும் சத்தம் கேட்காது.

அவன் ஆலிவ் கொட்டையை ஆற்றில் துப்பிவிட்டு, நல்ல ஜனங்க என்றான்.

மே 7, கோர்டோபா

மசூதித் தேவாலயம், முன்பு மசூதியாக இருந்தது. அத்தனை தூண்கள். ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவனும் பேசவில்லை. ஒரு நாளாவது பொருத்தம்.

மே 9, செவில்லா

நாற்பது டிகிரி. தேவாலயக் கோபுரத்தில் பாதி ஏறிவிட்டு இறங்கிவிட்டோம்.

மதியத் தூக்கத்துக்கு ஃபெர்மின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நான் அறையின் பால்கனிக் கதவருகே உட்கார்ந்து மிலாக்ரோஸைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். இரவு சாப்பாட்டில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை. நான் ஒரு விஷயம் சொல்லி, அவன் "ஆமா ஆமா" என்று, நான் அடுத்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவதை. செப்டம்பரில் வருகிறேன், முதலில் ஒரு மாதம், பிறகு பார்க்கலாம் என்றேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கனத்தது.

மே 10, செவில்லா

ஃபெர்மின் இன்று முழுக்க என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. வெயில் ஏறிவிட்டதோ?

மே 12, கிரனாடா

போச்சு. எல்லாம் போச்சு.

பத்தரைக்கு அரண்மனைக்குள் இருக்க வேண்டும். வாசலில் அடையாள அட்டை கேட்பார்களே என்று விடுதியை விட்டு இறங்கியதும் ஞாபகம் வந்தது. எடுக்க மேலே ஓடினேன். அந்த ஐந்து நிமிஷத்தில் ஃபெர்மின் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பஸ் எண்ணைக் கேட்டு வைத்துவிட்டான். "முப்பத்திமூணு" என்றான், தளபதி மாதிரி. ஏறினோம். பஸ் மலை ஏறவில்லை. ஆற்றோரமாகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. "இனிமேதான் ஏறும்" என்றான். வீடுகள் குறைந்தன. கோழிகள் தெரிந்தன. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, அல்ஹம்ப்ராவுக்கா, முப்பத்திரண்டுல்ல, என்று சிரித்தார். திரும்பும் பஸ் முக்கால் மணி கழித்துத்தான்.

மணி பத்து நாற்பது.

நான் என்னென்னவோ கத்தினேன். ஈரல், விலா எலும்பு, கத்தி, நடுவர், ஒன்று விடவில்லை. உனக்குக் காது கேக்கல, கேக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் தலையா விழுந்துடும்? எதிர் மதிலில் ஒரு பூனை எழுந்து போயிற்று.

ஃபெர்மின் தலையாட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான். முட்டியைத் தடவினான்.

"கேக்கலதான்," என்றான். "பொம்பளைங்க குரல், பிள்ளைங்க குரல், மணி, ஒண்ணும் கேக்கல. போன கிறிஸ்துமஸ்ல பேத்தி என் காதுல ஏதோ ரகசியம் சொன்னா. என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

பிறகு என்னைப் பார்த்தான்.

"உன் குரல் மட்டும் நல்லா கேக்குது, நியேவஸ்."

என் குரல் தடித்த குரல். தேவாலயப் பாட்டுக் குழுவில் என்னை ஆண்கள் வரிசையில்தான் நிறுத்துவார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து வருஷம்! அடுப்படியில், காரில், அவன் முதுகுக்குப் பின்னால், பாலத்தில், இவனுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று வாய் விட்டுச் சொன்னதெல்லாம்—

"அப்போ கம்பளிச் சட்டை?" என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அது கேட்டுச்சு. தெற்கா இருந்தா என்ன, காலையில குளிரும்."

"பாலத்துல சொன்னது?"

"கேட்டுச்சு. நியாயமாத்தான் இருந்துச்சு."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவனே கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"செப்டம்பர்ல கிஹோனுக்குப் போறியா?"

உனக்குக் கேட்டதுன்னா ஏன் எங்கிட்டப் பேசல என்று மட்டும் கேட்டேன். பேசினா நீ ஏதாவது கேப்பே, காதைப் பத்தி வரும், கடையைப் பத்தி வரும், அப்பா காலத்துக் கடையை எதுக்கு வித்தேன்னு வரும், தலையாட்டிட்டா தப்பிச்சுடலாம்னு நினைச்சேன் என்றான். அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினான்.

பஸ் வந்தது. எண்ணை இரண்டு பேரும் இரண்டு தடவை பார்த்தோம்.

அரண்மனைக்குள் விடவில்லை. வாசலில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். மற்ற இடங்களுக்கு எங்கள் சீட்டு செல்லும் என்றாள், தோட்டத்துக்குப் போனோம். படிக்கட்டின் கைப்பிடிச் சுவரிலேயே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஃபெர்மின் அதில் கையை வைத்துக்கொண்டு, இது சத்தம் போடுதா என்று கேட்டான்.

போடுது என்றேன். எப்படி என்றான். யோசித்துச் சொன்னேன்: எண்ணெய்ச் சட்டியில நாலு உருளைக்கிழங்கு போட்ட மாதிரி, ஆனா குளிர்ச்சியா. அடுத்த படியில் நின்று, இங்க எப்படி என்றான். மேலே போய்ச் சேரும் வரை ஒவ்வொரு படிக்கும் கேட்டான். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

மே 14, பலென்சியா

வீடு. கம்பளிச் சட்டை ஒன்றைக்கூடப் போடவில்லை. ஒப்புக்கொள்ள மாட்டான்.

மே 22

காதுக் கருவிக் கடையில் பரிசோதித்த பெண் ஏதோ கேட்டாள். ஃபெர்மின் சிரித்தான், தலையை ஆட்ட ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். "கேக்கல, மறுபடி சொல்லும்மா" என்றான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. எனக்கும்தான்.

ஜூன் 11

கருவி வந்து நான்கு நாள். நான் பிஸ்கட் கடிக்கும் சத்தம் தாங்கவில்லையாம். குளிர்பெட்டி உறுமுகிறதாம். மாடி வீட்டுக்காரி செருப்புப் போட்டு நடக்கிறாளாம், ஐந்து வருஷமாக இதை ஏன் நான் சொல்லவில்லையாம். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற பேச்சுக்கு, அந்தப் பழைய தலையாட்டல் கொஞ்சம் இருந்தாலும் தேவலை என்றிருக்கிறது. இதை முணுமுணுக்காமல் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 19

மிலாக்ரோஸ் கூப்பிட்டாள். அவள் பெயரைப் பார்த்ததும் ஃபெர்மின் எழுந்தான். இரண்டு காதிலிருந்தும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். என் குரல் அப்படியும் கேட்கும் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், தொப்பியை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினான். ரொட்டி காலையிலேயே வாங்கியாயிற்று.

பால்கனியிலிருந்து பார்த்தேன். பேக்கரிக்குப் போகவில்லை. எதிர்ச் சாரியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவனுக்குக் கேட்கக் கூடாதது என்று மிலாக்ரோஸிடம் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை. செப்டம்பரில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், ஒரு வாரம், கட்டிலைப் பெரியதாகப் போடு என்றேன். பிறகு மேலேயிருந்தே, என் குரலில், மேலே வா என்று கூப்பிட்டேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.