முனித்திட்டு

ஆனி 3, செவ்வாய்

வெயில். காற்று மட்டும் பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் குறுவை நாற்று. எங்கள் இரண்டு மா நிலத்தில் மட்டும் வெடிப்பு. காலையில் பாய்ச்சியது மாலைக்குள் காணோம். எல்லாம் பக்கத்துக் குவாரிக் குழிக்குள் இறங்கிவிடுகிறது.

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் மறுபடி ரிப்பேர், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கு.வின் சவுடு மண் குவாரி உரிமம் முடிகிறது. புதுப்பிக்க மனு போட்டிருக்கிறானாம். வெளியில்தான் அவனுக்கு முழுப்பேரும் மரியாதையும், இந்த நோட்டில் கிடையாது. அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். உரிமம் கிடைத்தால் மேற்கே தோண்டுவான். மேற்கே என்றால் நாங்கள்தான்.

போன ஐப்பசி மழையில் எங்கள் கிழக்கு வரப்பு அவன் குழிக்குள் சரிந்தது. அப்பா போய்க் கேட்டார். "தண்ணி வேணும்னா என் குழியில எறங்கி அள்ளிக்க" என்றானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, சேர்த்து அப்பா வாங்கிய நிலம். அன்றிலிருந்து வயல் பக்கமே போவதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சத்தம்கூட வைப்பதில்லை.

அவன் முகம் தொங்குவதை நான் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இப்போது இல்லை.

ஆனி 4, புதன்

தடுப்பூசி நாள். ஒரே அழுகை. தலைவலி.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். முனீஸ்வரனுக்கு அவர்தான் பூசாரி. புதுச் செய்தியோடு வந்திருந்தார்.

மனுவில் கு. சொல்லியிருப்பது: அந்த இடம் ஆதியிலிருந்தே பள்ளம், இடுப்பளவுக்குத்தான் மண் எடுத்தோம். அண்டப்புளுகு. மூன்று ஆள் ஆழம். அதற்கு ஒரே சாட்சி குழியின் நடுவில் நிற்கிற முனித்திட்டு. பனைமரம், செங்கல் பீடம், சூலம், சுற்றிக் கொஞ்சம் பழைய தரை. லாரிக்காரர்கள் தொட மாட்டோம் என்றார்கள், இவனும் பயந்துபோய் விட்டுவைத்தான். இப்போது அவனுடைய இன்ஜினியர் சொல்கிறாராம், திட்டு நின்றால் பழைய தரைமட்டம் தெரிந்துவிடும், அதிகாரிகள் வருமுன் எடுத்துவிடுங்கள் என்று.

எடுக்கவும் ஆசை, முனியிடம் பயமும். அதனால் பூக்கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பது; வெள்ளைப் பூ வந்தால் முனியைக் கரைக்கு மாற்றலாம். சிவப்பு வந்தால் கூடாது.

"வெள்ளிக்கிழம காலையில. பொட்டலம் நீ கட்டிக் குடுத்துரும்மா" என்றார். அது எப்போதும் எங்கள் வீட்டுப் பெண்கள் வேலை.

ஆனி 5, வியாழன்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெரு. அரளி, வெள்ளையும் சிவப்பும். வாழையிலை. அப்பாவுக்கு சர்க்கரை மாத்திரை. செருப்பு வார் அறுந்து, இழுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை.

பொட்டலம் கட்டியாயிற்று. இரண்டிலும் சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விடுவது எங்கள் முறை. ஆகவே யாருக்கும் தெரியப்போவதில்லை. முனி கேட்டால் கேட்கட்டும். அவரைச் சுற்றியும்தானே தோண்டினார்கள்.

பொட்டலங்களும் மிச்சப் பூவும் கூடையோடு சித்தப்பா வீட்டில் கொடுத்தாயிற்று.

ஆனி 6, வெள்ளி

குழிக்குள் இறங்கி, திட்டில் வெட்டிய மண்படியில் ஏறினோம். கு., அவன் மனைவி, சித்தப்பா, நான். சூடம் காற்றில் நிற்கவில்லை.

"மனசுல நெனச்சிக்கிட்டு ஒண்ண எடுங்கம்மா" என்றார் சித்தப்பா. அந்த அம்மாள் கண்ணை மூடி எடுத்தாள். அவனே வாங்கிப் பிரித்தான்.

சிவப்பு.

"இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாமாய்யா?"

"அவரு ஒரு தடவதாங்க சொல்லுவாரு."

"விட்டுருங்க" என்றாள் மனைவி. "நமக்கும் புள்ளைங்க இருக்கு."

மற்ற பொட்டலம் குழித் தண்ணீரில் போயிற்று. எனக்குப் பசி. வீட்டுக்கு வந்து ஆறு இட்லி தின்றேன்.

ஆனி 10, செவ்வாய்

அரை நாள் லீவு. அதிகாரிகள் வந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் மகள் என்று நானும் போய் நின்றேன். அப்பா வரவில்லை.

கனிமவளத் துறை அம்மா திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"முனிங்க" என்றார் சித்தப்பா.

"எப்போலேருந்து இங்க இருக்கு?"

"எங்க அப்பாவும் இவருக்குத்தாங்க பூச பண்ணாரு."

"அப்ப அந்தப் பீடம் இருக்கிறதுதான் பழைய தரை?"

அந்த அம்மா கு.வைப் பார்த்தார். "மனுவுல ஆதியிலேருந்து பள்ளம்னு இருக்கே சார்?" அவன் இன்ஜினியரைப் பார்த்தான். இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். சர்வேயர் திட்டின் உச்சியிலிருந்து டேப்பைக் கீழே விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார்.

அவன் முகம் தொங்கிற்று. பார்த்துவிட்டேன். வயிறு குளிர்ந்தது. அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

ஆனி 27, வெள்ளி

புழுக்கம். உரிமம் புதுப்பிக்க மறுத்து உத்தரவு. அபராதமும் வருமாம். கு. வெளியே தலைகாட்டவில்லை. நன்றாக வேண்டும். ஊரில் எல்லாரும் முனி கேட்டுவிட்டார் என்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரிந்தேன்.

சித்தப்பா சாப்பிட வந்தார். அப்பா எழுந்து உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

"நீ கட்டின பொட்டலத்த அன்னிக்குக் காலையில பிரிச்சுப் பாத்தேம்மா. ரெண்டும் செவப்பு. ஒண்ணுல வெள்ளைய வச்சுக் கட்டிட்டுத்தான் கொண்டாந்தேன். முனி முன்னால பொய்ய வைக்க முடியுமா?"

"அப்ப அந்தம்மா எடுத்தது?"

"அவரு குடுத்தது."

"வெள்ளை வந்திருந்தா?"

"அவர எடுத்துக் கரையில வச்சிருப்பேன்."

"அப்பாவோட வயல்?"

"போயிருக்கும்" என்றார். சாதத்தில் குழி செய்துகொண்டு, ரசம் கேட்டார்.

இல்லை என்றேன். அடுப்பில் இருந்தது.