மஞ்சள் குச்சி ஐஸ்

ஓடைப்பட்டி

அன்புத் தங்கச்சிக்கு,

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன்.

கார்ட்டூன் படத்துல ஒரு கரடிக்குட்டி திராட்சைய அரைச்சுக் குச்சி ஐஸ் பண்ணுச்சாம். உன் மருமக சினேகாவும் நம்ம தோட்டத்துல ஒரு கொத்தப் பறிச்சுட்டு வந்து நின்னா. வெடுக்குன்னு பிடுங்கி எறிஞ்சேன். "மருந்தடிச்சு ரெண்டு நாளுதான் ஆச்சு, தொடாத!"

பிறகு வீட்டுப் பப்பாளிய அரைச்சு, டம்ளர்ல ஊத்தி, பிரீசர்ல வச்சுக் குடுத்தேன். அதச் சப்பிக்கிட்டே கேட்டா: "அப்ப காலைல லாரியில ஏத்துனீகளே, அது யாருக்குப்பா?"

இன்னொரு ஐஸ எடுத்துக் குடுத்தேன்.

மழை வருதுன்னு யாவாரிக அவசரப்படுத்துனாக, வெட்டிட்டேன். லோடு உங்க மதுரைக்குத்தான். மருமகன் மகிழனுக்கு இந்த வாரம் திராட்சை வாங்காத, ஆத்தா.

மத்த பிள்ளைக வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது.

உன் அண்ணன்