படிகாரத்துக்குள் தண்ணீர்

மூன்றாம் லயம், சுங்கை சிப்புட்
7 நவம்பர் 1926

தம்பி பிச்சைமுத்துவுக்கு, உன்னோடு பிறந்த ராக்காயி எழுதுவது. இங்கே மகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் சுகம். தைப்பிங் மழையில் உன் வீட்டார் யாரும் இருமாமல் இருக்க வேண்டும்.

எனக்குத் திருடிப் பட்டம் கட்டிவிட்டார்கள், தம்பி. தோட்டத்து ஸ்டோரில், கலங்கிய ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கும் படிகாரம் என் பொறுப்பில் இருப்பது உனக்குத் தெரியும். ஆடி மூன்றாம் வெள்ளியன்று ஈப்போவிலிருந்து நூறு ராத்தல் மூட்டை ஒன்று வந்தது. கீழே வைத்தால் மழையில் கசியும் என்று சொல்லி, ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைக் கொட்டகையின் பரணில் ஏற்றச் சொன்னதே கணக்கு எழுதும் இராமசாமி கிராணிதான். அன்று அவர் வெற்றிலை போட்டிருந்தார். என் காலடியில் துப்பினார். நான் மறக்கவில்லை.

மூன்று மாதம் யாரும் அதைத் தொடவில்லை. போன திங்களன்று இறக்கி நிறுத்தால் எழுபது ராத்தல். மூட்டையின் வாய்த்தையல் அப்படியே இருக்கிறதே என்றேன். “பிரிச்சுத் திரும்பத் தச்சிருப்பே லா, கெழவி” என்றார்.

“படிகாரத்துக்குள்ள தண்ணி இருக்கு. சூட்டுல அது போயிருச்சு” என்றேன். ஸ்டோரே சிரித்தது. பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்குச் சட்டியில் போட்டுப் பொரிக்கும்போது அது பொங்கி, நீர் விட்டு, பஞ்சாக இளைப்பதை நாற்பது வருடமாகப் பார்க்கிறவள் நான். சிரித்தவர்கள் பதினொரு பேர். பெயர் சொல்லுவேன்.

வரும் சனிக்கிழமை வெள்ளைக்காரத் துரை விசாரிக்கிறார். குற்றம் என்று ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகளும் பிள்ளைகளும் என்னோடு வெளியே நிற்பார்கள். நீ அரசாங்க ஆபீஸ் பியூன். உன் சட்டைக்கு மரியாதை உண்டு. வந்து என் பக்கத்தில் நில். பேசக்கூட வேண்டாம்.

அக்கா ராக்காயி

•

தைப்பிங்
10 நவம்பர் 1926

அன்புள்ள அக்காவுக்கு, பிச்சைமுத்து வணக்கத்துடன் எழுதுவது.

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆபீசில் லீவு தர மாட்டார்கள். உள்ளதைச் சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கையில் எடுத்தால் ஈரம்கூட ஒட்டாத கல்லுக்குள் முப்பது ராத்தல் தண்ணீர் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. பிள்ளைகள் பசிக்கு ஏதோ நடந்திருக்கலாம். வயசான மனுஷி, காலில் விழுந்து ஒப்புக்கொண்டால் துரை விட்டுவிடுவார். மகள் செல்லாயிக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சு சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

தம்பி பிச்சைமுத்து

•

மூன்றாம் லயம், சுங்கை சிப்புட்
14 நவம்பர் 1926

பிச்சைமுத்துவுக்கு,

ஒப்புக்கொள்ளச் சொன்னாய் அல்லவா? நேற்று என்ன நடந்தது என்று கேள்.

துரை நாற்காலியில் இருந்தார். கிராணி பக்கத்தில் நின்று இங்கிலீஷில் என்மேல் கோள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே போனேன். “அய்யா, எனக்கு ஒரு தராசு, ஒரு அடுப்பு, புது மூட்டையில ஒரு ராத்தல் படிகாரம். நிறுக்கிறது கிராணி அய்யாவே நிறுக்கட்டும். கல்லுல நான் கை வைக்க மாட்டேன்.”

தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஜெயபாலன் அதைத் துரைக்கு எடுத்துச் சொன்னார். துரை தலையாட்டினார்.

கிராணி நிறுத்தார், கிராணியே சட்டியில் போட்டார். மேலே ஒரு வெண்கலத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் நனைந்த துணி போடச் சொன்னேன். தீ ஏற ஏறக் கல் இளகிக் கொதித்தது. தட்டை எடுத்ததும் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தொங்கியது. கிராணி முகத்துக்கு நேரே நீட்டினேன். “தொட்டுப் பாருங்க சாமி, கெழவி மோண்டது இல்ல!” துரைக்குத் தமிழ் புரியாது என்று யார் சொன்னார்கள்? அவர்தான் முதலில் சிரித்தார்.

பொரிந்து முடிந்ததைக் கிராணி நிறுத்தார். அரை ராத்தலுக்குக் கொஞ்சம்தான் மேலே. தராசைத் தட்டினார், எடைக்கல்லை மாற்றினார், மறுபடி நிறுத்தார். அதே எடைதான்.

டிரெஸர் சொன்னார்: “பாட்டி சொல்றது சரிதான். படிகாரம் கல்லா உறையும்போதே தண்ணியையும் உள்ள பிடிச்சுக்குது. நம்ம கண்ணுக்கு எட்டாத சின்னச் சின்ன அறை மாதிரி, ஒவ்வொண்ணுலயும் தண்ணியப் பூட்டி வச்சிருக்கு. அதனாலதான் தொட்டா ஈரம் தெரியல. எடையில பாதிக்குக் கிட்ட அந்தத் தண்ணிதான். புகைக் கொட்டகைச் சூட்டுல மூணு மாசம் கிடந்தா முப்பது ராத்தல் போவாம என்ன செய்யும்?”

“பரணுல வைக்கச் சொன்னது யாரு?” என்று துரை கேட்டார். நான் திரும்பிக் கிராணியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை, ஆட்களை எண்ணுகிற பெரட்டுக் களத்தில், முந்நூறு பேர் முன்னால் கிராணி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவு. லயம் எனக்கே.

ராக்காயி

•

தைப்பிங்
18 நவம்பர் 1926

என் தெய்வம் போன்ற அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெரிய கிளார்க்கே “உன் அக்காவா!” என்றார். எனக்கு முன்பே தெரியும், நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. அவசரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் மனசில் வைக்காதே. செல்லாயி கல்யாணத்துக்கு நீ வந்து சபையில் முன்னால் உட்கார வேண்டும். நீ வராவிட்டால் எனக்குக் கௌரவம் இல்லை.

அன்புத் தம்பி பிச்சைமுத்து

•

மூன்றாம் லயம், சுங்கை சிப்புட்
21 நவம்பர் 1926

தம்பிக்கு,

கிராணி மன்னிப்புக் கேட்டார். குரல் உள்ளே போய்விட்டது. “கடைசி வரிசைக்குக் கேக்கல!” என்று பக்கத்து வீட்டு இருளாயி கத்தினாள். அவர் மறுபடி கேட்டார். அன்று சிரித்த பதினொரு பேரும் அந்தக் களத்தில்தான் நின்றார்கள். ஒவ்வொருத்தராகப் பார்த்தேன்.

டிரெஸர் அந்தச் சுட்ட படிகாரத்தை வெந்நீரில் கரைத்து வைத்திருந்தார். நாலாம் நாள் கிண்ணத்து அடியில் கண்ணாடிபோலப் புதுக்கல் விளைந்திருந்தது. தண்ணீரை மறுபடி உள்ளே பிடித்துக்கொண்டதாம். துரை அதைத் தன் மேசையில் வைத்திருக்கிறார்.

இனி உன் சேதி. “எனக்கு முன்பே தெரியும்” என்று எழுதியிருக்கிறாய். பத்தாம் தேதிக் கடிதத்தில், ஏழாம் வரியில், “நானே நம்பவில்லை” என்று எழுதியிருக்கிறாய். கடிதம் என்னிடம் இருக்கிறது. கிராணி யாரோ ஒருவன், அவன் பேசியது பேசியதோடு போயிற்று. நீ என் தாய் வயிற்றில் பிறந்தவன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். புதுச் சேலை கட்டி முன்னால் உட்காருகிறேன். தாலி கட்டி முடிந்து, பந்திக்கு எழும் முன்னால், உன் சம்பந்தி வீட்டாரும் பெரிய கிளார்க்கும் கேட்க ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “தம்பி, ஒங்கக்கா திருடியா?”

பதிலைச் சத்தமாகச் சொல்லப் பழகிக்கொள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

செல்லாயிக்கு என் ஆசீர்வாதம்.

உன் அக்கா
ராக்காயி