எந்த முறையில் மச்சான்?

என் அன்ரன்,

பள்ளிமுனைச் சேமக்காலையில், கல்லறை மண்ணுக்குள், உனக்குச் சிக்னல் கிடைக்காது. நல்லது. நம் கம்பனித் தலைவரால் இனி உன்னைக் கூப்பிட முடியாது.

கொழும்புக் கந்தோரில் உன் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. உன் வேலையும் இப்போது என்னிடம். உன் இடத்துக்கு இன்னொரு ஆளைத் தரச்சொல்லித் தலைவரைக் கேட்டேன். "நாங்க எல்லாம் ஒரே ஃபமிலிதானே மச்சான், கொஞ்சம் சமாளிங்க" என்றார். சம்பளம் மட்டும் குறையில்லாமல் வருகிறது. அதனால்தானே நாம் இருவரும் இத்தனை காலம் வாய் மூடியிருந்தோம்?

அவருக்கு எல்லோரும் மச்சான். லீவில் தலைமன்னாரில் பெரியம்மா வீட்டில் நின்ற உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். "சின்ன வேலை மச்சான், இப்பவே முடிச்சுத் தாங்க." அங்கே இணைய இணைப்புக் கிடைக்கவில்லை. மடிக்கணினியை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மன்னாருக்கு வெளிக்கிட்டாய். வழியில் லொறி.

மரணவீட்டுக்கு அவர் வரவில்லை. பெரிய மலர்வளையம் வந்தது. அதில் உன் பெயரும் பிழை: 'அந்தோனி'.

அன்று காலை கந்தோருக்கு ஃபோன் எடுத்தேன். "இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்று லீவு பதிகிற பெண் கேட்டார். "மச்சான்" என்றேன். வேறென்ன சொல்ல? பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை நான் வேறெதுவும் கூப்பிட்டதில்லையே. கொழும்பில் கூட்டாளியையும் மச்சான் என்பார்கள்; அவரோ மலைநாட்டுப் பெண். அக்கா புருசன் என்று விளங்கி, உறவினர் சாவுக்கான லீவைப் பதிந்தார்.

பெட்டி தூக்கும்போது ஒதுங்கித்தான் நின்றேன். உன் அம்மா கண்டுவிட்டா. "றிஸ்வான், அங்க என்ன வாய் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அவன்ர மச்சான் நீதானே. வந்து பிடி."

பிடித்தேன்.

போன கிழமை தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சிரித்தபடி கேட்டார்: "நீங்க முஸ்லிம், அவர் வேதக்காரர். எந்த முறையில மச்சான்?"

"நீங்க என்னைக் கூப்பிடுற முறையில."

சிரிப்பு நின்றது. நான் பொய் சொல்லி லீவு எடுத்தேனாம். வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டுமாம்: 'இறந்தவர் எனக்கு எந்த உறவும் இல்லை.' எழுதினால் வேலை இருக்கும். உன்னை அந்த வீதிக்கு இழுத்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உம்மாவிடம் சொன்னேன். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும், "அன்ரன்ர அம்மாட முகத்தில எப்பிடி முழிக்கிறது? எழுதாத மகன்" என்றா.

நீ என்ன சொல்லியிருப்பாய்? "எழுதிக் குடுத்திட்டுப் போடா, கடதாசிதானே" என்று சிரித்திருப்பாயோ? இந்த முறை உன் பேச்சைக் கேட்கமாட்டேன்.

வேலை போகட்டும். அந்த வசனத்தை எழுதமாட்டேன். வெள்ளிக்கிழமை அவர் மேசைக்குப் போவது இந்தக் கடிதத்தின் பிரதிதான். கடைசி வரியை அவர் வாசிக்கட்டும்.

உன் மச்சான்,
றிஸ்வான்