உன் ஆங்கிலம் எனக்குப் புரிந்தது

அன்புள்ள பெரியவனுக்கு,

நானும் உன் தங்கையும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். மற்றதை உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள், நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன், வாசல் மணி அடித்தது. முதியோர் இல்லத்திலிருந்து வருகிறோம் என்று ஒரு மேலாளரும் ஒரு நர்ஸ் பெண்ணும் நின்றார்கள். மேலாளர் வாய் நிறைய அம்மா அம்மா என்றான். "உங்க பையன்தாம்மா அனுப்பினார், ஒரே ஒரு மாசம் எங்ககிட்ட வந்து ஓய்வா இருங்க, பிடிக்கலேன்னா திரும்பி வந்துடலாம்" என்றான். கோப்பு ஒன்றை மேசைமேல் விரித்தான், கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. எல்லாம் ஆங்கிலம். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொன்னார், நீங்க சிரமப்பட வேண்டாம், குறி போட்ட இடத்துல மட்டும் போடுங்க" என்று பேனா மூடியைக்கூட அவனே திறந்து கொடுத்துவிட்டு, என் மருந்துகளைக் குறித்துக்கொள்ள நர்ஸை அழைத்துக்கொண்டு என் அறைக்குள் போனான். கோப்பில் முதல் தாளே நீ அவனுக்கு எழுதிய கடிதம்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? நீ ஏழாவது படிக்கும்போது, பெற்றோர் கூட்டத்துக்கு நீ வராதே, உனக்கு இங்கிலீஷ் வராது, மானம் போகும் என்றாய், நானும் வரவில்லை, அன்றே நீ முடிவு கட்டிவிட்டாய். அம்மா நாடக அரங்கில் துணி தேய்க்கிறாள் என்றுதான் நண்பர்களிடம் சொல்வாய். முதல் நான்கு வருடம் அது உண்மை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த நாடகக் குழு போட்டது அத்தனையும் பழைய ஆங்கில நாடகங்கள். சொந்தமாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்கு நாக்கு புரளாது, ஆனால் படிப்பேன், எந்த வசனத்தை யார் எதற்காகச் சொன்னார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நீ வந்து பார்த்ததில்லை.

உன் கடிதத்தில் இருப்பதெல்லாம் உங்கள் எல்லார் வாயிலும் தினமும் புழங்குகிற ஆங்கிலச் சொற்கள்தான், அவை அந்த நாடகங்களிலிருந்து வந்தவை என்று உனக்குத்தான் தெரியவில்லை. நான்கு மாதம் உன் வீட்டில் இருந்தபோது வீடு வாசலையே தின்று தீர்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதை மேடையில் சொல்பவள் ஒரு சத்திரக்காரி. தின்றே கொழுத்த ஒருவன்மேல் அதிகாரியிடம் புகார் சொல்வாள், ஆனால் அந்தக் காட்சி முடிவதற்குள் ராத்திரி சாப்பிட வந்துவிடு என்று அவனையே கூப்பிடுவாள். திட்டினாலும் அவளுக்கு மனசு இருந்தது. நீங்கள் மூவரும் மேசையில் சாப்பிட்டு எழுந்த பிறகு என் தட்டு மூடி போட்டு அறைக்கு வரும், மூடியைத் திறந்தால் ஆறிப் போயிருக்கும். என் காதுக்காக டாக்டர் டாக்டராக அலைந்தது காட்டு வாத்தைத் துரத்திய கதை, வெறும் வீண் அலைச்சல் என்றும் எழுதியிருக்கிறாய். அது இரண்டு இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்ளும்போது வருகிற சொல், அரங்கமே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்தது இரண்டே டாக்டர், இரண்டாவது டாக்டர் வாசலில் என்னை இறக்கிவிட்டுவிட்டு நீ போய்விட்டாய்.

அதெல்லாம் போகட்டும். அன்பு காட்டுவதற்காகவே கொடுமை செய்ய வேண்டியிருக்கிறது என்று முடித்திருந்தாயே, அதைச் சொல்பவன் யார் தெரியுமா? ஒரு மகன். பெற்றவளின் அறையில் நின்று சொல்கிறான். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிழவரை, யாரென்றுகூடப் பார்க்காமல் வாளால் குத்திவிட்டு, பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறான். எங்கள் குழுவில் கிழவராக நடித்தவருக்குத் தூசி ஆகாது, செத்துக் கிடக்கும்போது தும்மித் தொலைப்பாரோ என்று நான் பதறிக்கொண்டிருப்பேன், அதனால் அந்த வசனத்தின் அர்த்தத்தை நின்று யோசித்ததில்லை. செவ்வாய்க்கிழமைதான் யோசித்தேன்.

மேலாளர் திரும்பி வந்தபோது நான் எழுந்து நின்று உன் கடிதத்தை முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். அப்புறம் அவனுடைய படிவத்தையும் படித்தேன், நிரந்தரமாக என்ற சொல்லில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தேன். "அம்மா, அது வந்து..." என்றான், அதற்குமேல் அவனுக்கு வசனம் வரவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. நர்ஸ் பெண்தான் "ஒரு மாசம்னு சொல்லித்தானே சார் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க" என்று முகம் சிவந்து, என் மருந்து டப்பாக்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் சின்னவள் விஷயத்தைக் கேட்டதும் "என்கிட்டயும் ஒரு மாசம்னுதாம்மா அண்ணன் சொன்னான்" என்று அழுதாள். கூடப் பிறந்தவளிடமும் பொய். உடனே உன்னைக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று குதித்தாள், நான்தான் தடுத்தேன், போனில் நீ அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய்.

புதன்கிழமை வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். உன்னிடம் இருக்கும் சாவி இனி எதையும் திறக்காது. வராதே என்று சொல்லவில்லை, வந்தால் எல்லாரையும் போல மணி அடி, திறப்பேன். நான் பாரமாக இருந்தால் பாரம் என்று என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல், அதைத் தாங்கிக்கொள்வேன். அன்பு என்று எழுதி இன்னொருவன் கையில் பேனாவைக் கொடுத்து அனுப்பினாய் பார், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை, முயற்சி செய்யவும் இப்போதைக்கு மனமில்லை.

மருமகளும் பேத்தியும் குறையில்லாமல் வாழட்டும், உனக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று உன் அப்பா பதினோரு நாள் நிறுத்தினார், பன்னிரண்டாம் நாள் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
எங்கேயும் போகாமல் தன் வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா